இருபது பாட்டில் இல்லாதது

கேள்வி: அமெரிக்காவின் பீச் பாய்ஸ் இசைக்குழுவின் ‘எண்ட்லெஸ் சம்மர்’ தொகுப்பைக் கேட்டேன். கடல், கார், காதலி, இவ்வளவுதான் இருபது பாட்டிலும். இவர்களைப் போய் பீட்டில்ஸுடன் சேர்த்துப் பேசுகிறார்களே?

பதில்: பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியே அப்படித்தான் பேசியிருக்கிறார். அவர் கொண்டாடும் பாட்டு உங்கள் தொகுப்பில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். 1974இல் கேபிடல் இசைத்தட்டு நிறுவனம் அதைப் போட்டபோது 1962 முதல் 1965 வரையிலான பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. தொகுப்பு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. மவுசு குறைந்திருந்த குழுவுக்கு மறுவாழ்வும் கிடைத்தது. ஆனால் குழுவின் பாட்டுகளை உருவாக்கிய பிரையன் வில்சன் 1966இல் செய்த ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம் அதற்கு வெளியே நின்றுவிட்டது. அந்த ஆல்பத்துக்கு இது முதல் அநியாயமும் அல்ல. மே மாதம் அது கடைக்கு வந்தது; ஜூலையிலேயே அதே கம்பெனி பழைய ஹிட் பாட்டுகளைக் கட்டி இன்னொரு தொகுப்பை இறக்கிவிட்டது. புதிய ஆல்பத்துக்கு மூச்சு விட இரண்டு மாதம்கூடத் தரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

சரி, உங்களிடம் இருப்பதையாவது ஒழுங்காகக் கேட்டீர்களா? ‘இன் மை ரூம்’ அதில்தான் இருக்கிறது. கடலும் இல்லை, காரும் இல்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற ஒரு பையனின் பாட்டு. கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில் பிரையன், டென்னிஸ், கார்ல் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்துத் தூங்கிய அண்ணன் தம்பிகள். இரவில் தம்பிகளுக்கு ஆளுக்கொரு குரல் பாகம் சொல்லிக்கொடுத்துச் சேர்ந்து பாட வைப்பார் பிரையன். இந்தப் பாட்டின் முதல் சரணத்தில் அந்த மூவர் மட்டுமே பாடியதாகவும், அந்தப் படுக்கையறையில் பாடியது போலவே அது அமைந்ததாகவும் பின்னாளில் அவரே எழுதினார். ஒரு குரல் தொடங்கும், அடுத்தது வந்து சேரும், அப்புறம் இன்னொன்று. எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது. கூடப்பிறந்தவர்கள் பாடினால் மட்டும் வருகிற இழைவு அது. இத்தனைக்கும் பிரையனுக்கு வலது காது கிட்டத்தட்டக் கேட்காமலே இருந்தது.

அதைக் கேட்ட கையோடு ‘பெட் சவுண்ட்ஸ்’ வாங்கி ‘காட் ஒன்லி நோஸ்’ கேளுங்கள். மெக்கார்ட்னி கொண்டாடும் பாட்டு இதுதான். பாடும் கார்லுக்கு அப்போது 19 வயது. முடிவில் ஒரே வரியை ஒரு குரல் எடுக்க, அது முடியும் முன்பே அடுத்தது நுழைய, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே போய் மெல்லத் தேய்ந்துவிடும். அந்தக் கடைசி அரை நிமிடத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகும் கடல், கார், காதலி என்றே தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.