வாழைநாரைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் உண்மையிலேயே வலு கூடுமா? எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும்?

எதன் வலு என்பதைப் பொறுத்தது. நாரை ரெசினோடு (இறுகிக் கெட்டியாகும் பிசின்) சேர்த்துத் தகடாக வார்க்கப் போகிறீர்கள் என்றால், தகட்டின் வலு கூடும். தனி நாருக்கு அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் கூடலாம், பக்குவம் தவறினால் இருந்ததும் போய்விடும்.

அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரி புராஜெக்டுக்கு வாழைநாரும் எபாக்ஸி என்ற ரெசினும் சேர்த்துத் தகடு வார்க்க வேண்டியிருந்தது. 5 சதவீதக் கரைசலில் இரண்டு மூன்று மணி நேரம் போதும் என்று படித்திருந்தும், கூட ஊறினால் கூட வலு என்ற அதிபுத்திசாலிக் கணக்கில் 15 சதவீதமாக்கி ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். காலையில் தண்ணீர் பழுப்பாகியிருந்தது, நார் கையோடு அறுந்து வந்தது.

நாரில் இழுவையைத் தாங்குவது செல்லுலோஸ் இழைகள். அவற்றைக் கட்டி வைத்திருப்பவை ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின். மேலே மெல்லிய மெழுகுப் பூச்சு. அளவான காரம், அதாவது காஸ்டிக் சோடா, மெழுகையும் பெக்டினையும் ஹெமிசெல்லுலோஸில் பெரும்பகுதியையும் கரைத்துவிடும். மேற்பரப்பு சொரசொரப்பாகி, நார்க்கட்டு மெல்லிய இழைகளாகப் பிரிய, ரெசினுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. அளவு மிஞ்சினால் கட்டும் போகும், செல்லுலோஸும் அடிவாங்கும்.

பலரைக் குழப்புவது, இப்படிக் காரத்தில் ஊறவைப்பதற்குச் சொல்லும் 'மெர்சரைசேஷன்' என்ற பெயர். 1844-ல் ஜான் மெர்சர் பருத்தித் துணியில் கண்டு, 1850-ல் காப்புரிமை வாங்கிய முறை அது. பருத்தி ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ், லிக்னின் இல்லாதது. அதனால் 20 சதவீதத்தை ஒட்டிய கரைசலையும் தாங்கும். அதே அளவை வாழைநாருக்கோ சணலுக்கோ எடுக்காதீர்கள்.

நீடித்து உழைக்க வேண்டும் என்றால் காரம் மட்டும் போதாது. ஈரத்தை இழுப்பவை செல்லுலோஸிலும் மற்றவற்றிலும் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள். காரத்துக்குப் பிறகும் அவை ஏராளமாக மிஞ்சும். அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அவற்றை அசிட்டைல் தொகுதிகளாக மாற்றினால் நார் ஊறுவதும் மக்குவதும் வெகுவாகக் குறையும். ரெசினோடு ஒட்ட, சிலேன் என்ற சிலிக்கான் சேர்மப் பூச்சும் உண்டு. சிறிய வேலைக்கு இரண்டும் செலவு அதிகம் என்பது என் கருத்து.

செய்யும்போது காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும், மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். பிறகு நன்றாக அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் முக்கி, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாவது நிற்கும் வரை மறுபடி அலசுங்கள்.

காயவைப்பதில் அவசரம் வேண்டாம். இரண்டாம் முறை கரைசல் சரியாக அமைந்தும், தொட்டால் உலர்ந்ததுபோல் இருந்த நாரை அப்படியே வார்த்தோம். உள்ளே மிஞ்சிய ஈரத்தால் தகடு முழுக்கக் குமிழி. அடுத்த தடவை 80 டிகிரி அடுப்பில் ஒரு நாள் வைத்து எடுத்தோம். சோதனைக்குப் போனது அந்த மூன்றாவது தகடுதான்.