துருக்கிச் சரக்கை நம்பி நீண்ட ஒப்பந்தம் போடலாமா?

கேள்வி: சவூதியின் தமாமில் தரைவிரிப்பும் பளிங்குக்கல்லும் இறக்குமதி செய்யும் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். 2020இல் துருக்கிச் சரக்கு திடீரென்று நின்றுபோனதில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்போது உறவு சீராகிவிட்டதால், ஒரு துருக்கி ஆலையுடன் மூன்றாண்டு ஒப்பந்தம் போட முதலாளி விரும்புகிறார். போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உறவு சீராகிவிட்டது என்பதை மட்டும் நம்பிப் போட வேண்டாம். துருக்கிக்கும் அரபு நாடுகளுக்கும் இடையிலான வணிகத்தில், சரக்குக்குக் காவலாக எழுத்திலான உடன்படிக்கை இருக்கிறதா, அதை முறிப்பதால் யாருக்கு நட்டம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

எகிப்து இதற்கு நல்ல சான்று. 2013இல் எகிப்து அதிபர் முர்சி பதவியிலிருந்து அகற்றப்பட்டதைத் துருக்கித் தலைவர் எர்துவான் கடுமையாகக் கண்டித்ததைத் தொடர்ந்து, இரு நாடுகளும் ஒன்றின் தூதரை மற்றொன்று வெளியேற்றின. அந்தக் கசப்பான ஆண்டுகளிலும், 2007 முதல் நடைமுறையில் இருந்த தடையற்ற வணிக உடன்படிக்கையை இருவருமே கைவிடவில்லை. எகிப்தில் துருக்கியர் நடத்திய ஆடை ஆலைகளும், துருக்கிச் சந்தையை நம்பிய எகிப்திய ஏற்றுமதியாளர்களும் அதற்குக் காரணம். சிரியப் போரால் வளைகுடாவுக்கான தரைவழி அடைபட்டபோது, துருக்கி லாரிகளைக் கப்பலில் ஏற்றி எகிப்தில் இறக்கி, செங்கடலைக் கடந்து சவூதிக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று 2012இல் உருவானது. அதன் கதை வேறு. மூன்றாண்டுக் கெடு முடிந்ததும் 2015இல் எகிப்து அதைப் புதுப்பிக்கவில்லை. முறிக்க முயற்சி தேவைப்பட்ட உடன்படிக்கை பிழைத்தது. சும்மா இருந்தாலே காலாவதியாகும் ஏற்பாடு போய்விட்டது.

சவூதிக்கும் துருக்கிக்கும் இடையே அப்படிப்பட்ட உடன்படிக்கை எதுவும் இருக்கவில்லை. 2018இல் இஸ்தான்புல்லிலுள்ள சவூதி துணைத் தூதரகத்தில் சவூதிப் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்டதால் முற்றிய பகை, 2020 அக்டோபரில் வணிகத்தின் மீது இறங்கியது. புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தவர் சவூதி வர்த்தக சபைகளின் தலைவர். சவூதி அரசோ எந்தத் தடையையும் அறிவிக்கவில்லை. ஐரோப்பியப் பெயரில் விற்கும் ஆடையானாலும், தைத்த இடம் துருக்கி என்றால் சுங்கத்தில் சிக்கல்தான். 2019இல் 300 கோடி டாலரைத் தாண்டியிருந்த துருக்கியின் சவூதி ஏற்றுமதி, 2021இல் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஆணையே இல்லாததால் முறையீடு செய்யவும் வழியில்லை.

பின்னர் துருக்கி அரசு இறங்கி வந்ததற்கு அன்னியச் செலாவணித் தட்டுப்பாடே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. 2021 இறுதியில் துருக்கி நாணயமான லிரா சரிந்துகொண்டிருந்த வேளையில்தான் அமீரகத்தின் அபுதாபி துருக்கிக்கென 1000 கோடி டாலர் முதலீட்டு நிதியை அறிவித்தது. 2022 ஏப்ரலில் கஷோகி வழக்கைச் சவூதிக்கு மாற்றிய கையோடு எர்துவான் அங்கே சென்றார். 2023 மார்ச்சில் துருக்கி மத்திய வங்கியில் சவூதி 500 கோடி டாலர் வைப்பு வைத்தது. அந்தத் தேவை நீடிக்கும்வரை துருக்கி சண்டைக்கு இழுக்காது. ஆனால் 2020இல் கதவைச் சாத்தியது சவூதித் தரப்பு என்பதை உங்கள் முதலாளிக்கு நினைவூட்டுங்கள்.

அமீரகம் துருக்கியுடன் செய்த வணிக உடன்படிக்கை 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. துபாய் வழியாக எடுத்தால் அந்தச் சலுகை கிடைக்கும் என்று முகவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். அது சவூதிச் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது, சரக்கு பிறந்த நாடும் மாறாது. சவூதியும் அமீரகமும் அடங்கிய வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் முழுவதற்குமாகத் துருக்கியுடனான உடன்படிக்கைப் பேச்சை மீண்டும் தொடங்க 2024 மார்ச்சில்தான் கையெழுத்தானது. உடன்படிக்கை வந்தாலும் முழுக் காப்பு என்று சொல்வதற்கில்லை: உள்ளூர்த் தொழில் நசிகிறது என்று ஜோர்தான் துருக்கியுடனான தன் உடன்படிக்கையை 2018இல் முடித்துக்கொண்டது.

ஆகவே மூன்றாண்டுக்கு விலையை மட்டும் உறுதி செய்யுங்கள். அளவைக் காலாண்டுதோறும் ஆர்டர் மூலம் முடிவு செய்யுங்கள். வழக்கமான எல்.சி.யில் (வாங்குபவரின் வங்கி பணம் தருவதாகக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) கப்பல் ஆவணங்களைக் காட்டியதுமே ஆலைக்குப் பணம் போய்விடும். அதன்பின் கன்டெய்னர் தமாம் துறைமுகத்தில் கிடந்தால் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) உங்கள் தலையில் விழும். குறித்த நாள் கழித்தே பணம் போகும் தவணை எல்.சி. கேளுங்கள், அல்லது விலையில் ஒரு பகுதியைச் சுங்கக் கிளியரன்ஸ் முடியும்வரை நிறுத்திவையுங்கள். எதிர்பாராத இடையூறு பற்றிய பிரிவில் ‘அரசு ஆணை’ என்று மட்டும் இருந்தால் 2020 போன்ற நிலையில் அது உதவாது. ‘அறிவிக்கப்படாத சுங்கத் தாமதம் 30 நாளைத் தாண்டினால்’ ஆர்டரை ரத்து செய்யலாம் என்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.