'கேன்சர் மார்க்கர்' நார்மல் என்றால் பெருங்குடலில் புற்றுநோய் இல்லை என்று பொருளா?

திருநெல்வேலி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எனக்கு வயது 47. எந்தத் தொந்தரவும் இல்லை. 45 வயதானால் பெருங்குடல் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் வற்புறுத்துகிறார். தாய்மாமா 66 வயதில் இந்த நோய் வந்து இறந்தார். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துச் சென்ற ஆய்வகத்தின் முழு உடல் பேக்கேஜில் 'கேன்சர் மார்க்கர் நார்மல்' என்று வந்திருக்கிறது. இது போதுமா, கொலனோஸ்கோப்பி செய்ய வேண்டுமா?"

அது போதாது; அதற்காக உடனே கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, ஓடவும் வேண்டாம்.

உங்கள் அண்ணன் சொல்வது அமெரிக்க வழிகாட்டுதல். இளவயதினரிடையே நோய் கூடியதால் அங்கே 2021-இல் தொடக்க வயதை 50-இலிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பெட்டியை அரசே தபாலில் அனுப்புகிறது. நம் நாட்டின் அரசுத் திட்டமோ வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றோடு நின்றுவிட்டது. மேலைநாடுகளைவிட இங்கே இந்த நோய் குறைவு என்பதால் எல்லோரையும் பரிசோதிக்கத் தேவையில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கிற மாநிலத்தில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் வந்தவர்களையாவது தேடிப் பரிசோதிக்காமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அரசு விட்ட இடத்தில்தான் பேக்கேஜ் விற்பவர்கள் நுழைகிறார்கள். உங்கள் அறிக்கையில் சி.இ.ஏ. என்று இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை, ஏற்கெனவே சிகிச்சை பெற்றவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பயன்படுவது. ஆரம்பநிலைப் புற்றுநோய் உள்ள பலருக்கு அது சாதாரண அளவிலேயே இருக்கும். புகைபிடிப்பவருக்கு நோயே இல்லாவிட்டாலும் அதன் அளவு உயர்ந்திருக்கலாம். இதை நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறு, இதைக் கண்டு பயந்து ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதும் தவறு. எந்த உலக வழிகாட்டுதலும் இதை முன்பரிசோதனையாகப் பரிந்துரைக்கவில்லை என்பது தெரிந்தும், கமிஷனுக்காக இதைப் பட்டியலில் சேர்ப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்களுக்கு உரியது 'ஃபிட்' என்னும் மலப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத மனித ரத்தத்தை மட்டும் அது கண்டுபிடிப்பதால் உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆய்வகத்தில் 'மலத்தில் ரத்தம் பார்க்க வேண்டும்' என்று மட்டும் சொன்னால், இறைச்சி சாப்பிட்டாலும் மாறிக் காட்டக்கூடிய பழைய முறையில் செய்துவிடுவார்கள். ஆகவே 'ஃபிட்' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கழிப்பறைத் தண்ணீர் படாமல் ஒரு காகிதத்தின் மேல் மலத்தைப் பிடித்து, கொடுத்த குச்சியால் பல இடங்களில் தொட்டு, குப்பியில் இட்டு மூடி, தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும். இதை 50 வயதில் தொடங்கினாலும் போதும்; அண்ணனின் மனநிறைவுக்காக இப்போதே தொடங்கினாலும் தவறில்லை.

தாய்மாமா விஷயத்தைச் சற்று விளக்க வேண்டும். இதில் முதலில் கணக்கில் வருவோர் தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் மட்டுமே. முதிய வயதில் நோய் வந்த ஒரே ஒரு தாய்மாமாவால் உங்கள் கணக்கு மாறாது. ஆனால் உங்கள் தாயாருக்கு அது வேறு, ஏனென்றால் அவருக்கு அவர் உடன்பிறந்தவர். இப்படி நெருங்கிய உறவில் நோய் வந்தவர்கள் பொதுவாக 40 வயதிலோ, உறவினருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அண்ணனுக்கு 46-இல் வந்தால் தம்பி 36-இல், தந்தைக்கு 62-இல் வந்தால் மகன் 40-இல். உறவினருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால் மலப் பரிசோதனை போதாது, நேரடியாகக் கொலனோஸ்கோப்பிதான். தாயாரின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இவையெல்லாம் தொந்தரவு இல்லாதவர்களுக்கு. மலத்தில் ரத்தம், காரணமில்லாத ரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முன்பரிசோதனை என்ற பேச்சே இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருப்பவர்களிடம் மாதக்கணக்கில் மருந்து வாங்கிவிட்டு, கட்டி பரவிய பிறகு எங்களிடம் வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

'ஃபிட்' பாசிட்டிவ் என்று வந்தால், மூலத்தால் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்; இன்னொரு முறை செய்து நெகட்டிவ் வருகிறதா என்றும் பார்க்காதீர்கள். அப்போதுதான் கொலனோஸ்கோப்பி தேவைப்படும், பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கென்று தனித் துறை இருக்கிறது.