ராவென்னா, ஐந்து நிமிடம் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஜூன் மாதம் இத்தாலி போயிருந்தோம். பொலோன்யாவிலிருந்து காலை ரயிலில் ராவென்னாவுக்குச் சென்று, உச்சி வெயிலில் கல்லா பிளாசிடியா என்ற பழைய ரோமானிய அரசியின் நினைவு மண்டபத்துக்குள் நுழைந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் ஓடு வேய்ந்த செங்கல் கட்டடம், ஏதோ பண்டகசாலை மாதிரி. உள்ளே ஒரே கருநீல இருட்டு. கண் பழகுவதற்குள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டதென்று வெளியே அனுப்பிவிட்டார்கள். தலைக்கு மேலே நட்சத்திரங்கள் இருந்தன, அவ்வளவுதான் நினைவில் நிற்கிறது. கைபேசியில் எடுத்த படங்கள் எல்லாம் பழுப்பாகக் கலங்கி இருக்கின்றன. போதாக்குறைக்கு, அந்த அரசியை அங்கே புதைக்கவே இல்லை என்றும் வழிகாட்டி சொன்னார். பிறகு எதற்கு அந்தப் பெயர்? அங்கே பதித்திருப்பது உண்மையான தங்கமா? அக்டோபர் இறுதியில் என் தங்கை போகிறாள். அவளாவது ஒழுங்காகப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

க., திருச்சி

அன்புள்ள க.,

தவறு உங்கள் கண்ணில் இல்லை, போன நேரத்தில் இருக்கிறது. ஜூன் மாத நடுப்பகல் வெயிலிலிருந்து அந்த அறைக்குள் நுழைந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நம் கண் இருட்டுக்கு ஓரளவு பழகவே பத்து நிமிடம் வரை ஆகும். முழுதாகப் பழக அரை மணி நேரம் வேண்டும். உள்ளே கிடைப்பதோ ஐந்து நிமிடம். ஆகவே அந்த மண்டபத்தைப் பார்க்கும் வேலையை வாசலுக்கு வெளியிலேயே தொடங்கியாக வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் சான் விட்டாலே தேவாலயத்துக்கு முதலில் போகச் சொல்லுங்கள். காலவரிசைப்படி கல்லா பிளாசிடியாதான் முதலில் என்று சில வழிகாட்டிகள் பிடிவாதம் பிடிப்பார்கள். கால ஒழுங்கு புத்தகத்துக்குச் சரி, கண்ணுக்கு வேறு ஒழுங்கு. சான் விட்டாலேக்குள் அரை மணி நேரம் இருந்தால் கண் மங்கலுக்குப் பழகிவிடும். ஆனால் அங்கிருந்து மண்டபத்துக்கு நடுவில் ஒரு திறந்த புல்வெளி இருக்கிறது. அதைக் கடக்கும் இரண்டு நிமிட வெயில் அத்தனையையும் கெடுத்துவிடும். எனவே சான் விட்டாலேயின் கதவிலேயே கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மண்டப வாசலைத் தாண்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். வரிசையில் நிற்கும்போது கைபேசித் திரையைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் செய்தால் ஐந்து நிமிடம் தாராளமாகப் போதும். அறை அவ்வளவு சிறியது. சிலுவை வடிவக் கட்டடம், நீளம் ஏறத்தாழ 12.75 மீட்டர், அகலம் 10.25 மீட்டர். இத்தனை சிறிய இடத்தில் கூட்டம் நின்றால் மூச்சிலிருந்து வரும் ஈரம் சுவரில் படியும். ஈரம் காரைக்குள் இருக்கும் உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும், அது காயும்போது சுவரில் பதித்த மொசைக் சில்லுகளைத் தள்ளிவிடும். நேரக் கட்டுப்பாட்டில் எனக்கு வருத்தமில்லை.

இனி உள்ளே. வாசல் வடக்கில் இருக்கிறது. நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். உங்கள் தங்கை அதைச் செய்ய வேண்டாம். மேலே இருப்பதுதான் மிக இருண்ட பகுதி, பழகாத கண்ணுக்கு அது கறுப்பாகவே தெரியும். நேர் எதிரே, தெற்குச் சுவரின் அரைவட்டத்தைப் பார்க்கட்டும். நடுவில் இரும்புச் சட்டகம், அதன் கீழே தீ. வலப்பக்கம் தோளில் சிலுவையும் கையில் விரித்த நூலுமாக ஒருவர் தீயை நோக்கி விரைகிறார், ஆடை பின்னால் பறக்கிறது. இடப்பக்கம் கதவு திறந்த ஒரு அலமாரி, அதில் நான்கு நூல்கள், மாற்கு, லூக்கா, மத்தேயு, யோவான் என்று லத்தீனில் பெயர் எழுதியவை. இவர் இரும்புச் சட்டகத்தில் வாட்டப்பட்ட புனித லாரன்ஸ் என்பதே பெரும்பாலோர் கருத்து. புனித வின்சென்ட் என்பாரும் உண்டு. அந்த அலமாரியை விட்டுவிட வேண்டாம். அட்டை போட்ட நூல்களை அந்தக் காலத்தில் படுக்கை வசமாக எப்படி அடுக்கினார்கள் என்று அது காட்டுகிறது.

பிறகு அப்படியே திரும்பி, வந்த வாசலின் மேலே பார்க்க வேண்டும். ஐந்து நிமிடக்காரர்களில் பாதிப் பேர் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் போகும்போது அதன் கீழாகக் குனிந்து போய்விடுகிறார்கள். அங்கே நல்ல மேய்ப்பனாக இயேசு அமர்ந்திருக்கிறார். தாடியில்லாத இளைஞர், பொன்னாடை, ஊதா மேலாடை. கோலுக்குப் பதிலாக நெடிய பொற்சிலுவையைப் பிடித்திருக்கிறார். பக்கத்துக்கு மூன்றாக ஆறு ஆடுகள். மறு கையால் ஒரு ஆட்டின் முகவாயைத் தொடுகிறார். தொடும் பக்கம் ஒன்று, பார்வை போகும் பக்கம் இன்னொன்று. உடலின் அந்தத் திருகலைக் கவனியுங்கள். ரோமானிய ஓவியர்களுக்கு உடல் தெரிந்திருந்ததன் கடைசித் தலைமுறைச் சான்று அது. நூறு ஆண்டுக்குப் பின் சான் விட்டாலேயில், 547-இல் திருநிலைப்படுத்திய கோவிலில், பேரரசர் ஜஸ்டினியனும் அவர் ஆட்களும் பொற்பின்னணியில் நேர் முன்னால் பார்த்து நிற்கிறார்கள். கால்கள் தரையில் ஊன்றவே இல்லை.

இதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இப்போது நடுவில் நின்று மேலே பார்க்கலாம். கருநீலத்தில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட பொன் நட்சத்திரங்கள், வட்டத்துக்குள் வட்டமாக. ஓரத்தில் பெரிதாகவும் உச்சியை நெருங்க நெருங்கச் சிறிதாகவும் வைத்திருக்கிறார்கள். குவிமாடம் அதன் உண்மையான உயரத்தைவிட உயரமாகத் தோன்றுவது இதனால்தான். நடுவில் ஒரு பொற்சிலுவை. வாசலிலிருந்து நேராக வருபவருக்கு அது பக்கவாட்டில் படுத்துக் கிடப்பதுபோல் தெரியும். தவறிப் பதித்ததல்ல. கட்டடம் வடக்கு தெற்காக இருக்க, சிலுவையை மட்டும் கிழக்கு மேற்காக வைத்தார்கள். நான்கு மூலைகளில் நான்கு நற்செய்தியாளர்களின் அடையாளங்களான மனிதன், சிங்கம், காளை, கழுகு. குவிமாடத்தைத் தாங்கும் சுவர்களில் பன்னிரு திருத்தூதர்களில் எட்டுப் பேர், பக்கத்துக்கு இருவராக, சிலுவையை நோக்கிக் கை உயர்த்தி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் புறாக்கள் நீர் அருந்துகின்றன. மீதி நால்வர் எங்கே என்று கேட்கும் ஆட்கள் குறைவு. கிழக்கு, மேற்குக் கிளைகளின் வளைகூரையில், பொற்கொடிச் சுருள்களுக்கு நடுவே இருக்கிறார்கள். அதே கிளைகளின் அரைவட்டச் சுவர்களில் மான்கள் நீரருந்த வருகின்றன. பைபிளின் சங்கீதம் 42-இல் நீரோடைக்கு ஏங்கும் மான்தான் அது.

கடைசி ஒரு நிமிடத்தில் எதையும் தேட வேண்டாம். ஒரே இடத்தைப் பார்த்தபடி, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் அசைக்கச் சொல்லுங்கள். பொன் ஒரு சில்லில் அணைந்து அடுத்ததில் பற்றும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, தலையை அசைக்காமல் நின்றாலும் பார்க்க முடியாது.

தங்கம் உண்மையானதுதான், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவு இல்லை. நம் ஊரில் மொசைக் என்றதும் சிமென்டில் சலவைக்கல் துண்டுகளைக் கலந்து, இழைத்து, பாலிஷ் போட்ட தரைதான் நினைவுக்கு வரும். இது அதற்கு நேர் எதிர்: இழைக்கவே கூடாது. உலோக ஆக்சைடு சேர்த்து நிறமேற்றிய கண்ணாடியை உருக்கித் தகடாக ஊற்றி, ஆறியபின் சுத்தியலால் சிறு சில்லுகளாக உடைப்பார்கள். அந்த நீலத்தைத் தருவது கோபால்ட், பச்சையைத் தருவது செம்பு. பொற்சில்லு என்பது கீழே ஒரு கண்ணாடி, நடுவில் அடித்து மெலித்த தங்கத்தாள், மேலே மூச்சளவு மெல்லிய இன்னொரு கண்ணாடி, மூன்றையும் சூட்டில் ஒட்ட வைத்தது. மேல் கண்ணாடி பெயர்ந்தால் தங்கமும் கூடவே போய்விடும். அப்புறம் அந்தச் சில்லு வெறும் மங்கலான கண்ணாடிதான். பழைய பொற்பரப்புகளில் இடையிடையே தெரியும் கறுத்த புள்ளிகளில் பல இப்படி வந்தவை.

சுவரில் சுண்ணாம்புக் காரையைப் படிப்படியாகப் பூசுவார்கள். அடியில் கரடுமுரடாக, மேலே போகப் போக நைசாக. சுர்க்கி, அதாவது செங்கல் பொடி, கலப்பதும் உண்டு. நம் பழைய கட்டடங்களின் காரைக்கு வெகு தூரத்து உறவு. கடைசிப் பூச்சை அன்றைக்கு எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் போட்டு, ஈரம் போவதற்குள் உருவத்தை வண்ணத்தில் வரைந்து, சில்லுகளைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். ஒவ்வொரு சில்லும் அடுத்ததைவிட இம்மியளவு வேறு கோணத்தில் சாயும். தலையை அசைக்கும்போது பொன் விட்டு விட்டு மின்னுவதற்கு இந்தச் சாய்வே காரணம். பழுதுபார்ப்பில் சில்லுகளைத் தாளில் ஒட்டித் தட்டையாகச் சுவரில் ஏற்றினால் வரைபடம் அப்படியே வரும், மினுக்கம் வராது. ஒரு மொசைக் சுவரில் எது பழையது, எது திருத்தியது என்று ஐயம் வந்தால் நிறத்தைப் பார்க்காமல் இந்த மினுக்கத்தைப் பாருங்கள்.

உங்கள் படங்கள் பழுப்பானதற்குச் சன்னல்கள் காரணம். கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய அலபாஸ்டர் கல் பலகைகள் பொருத்தியிருக்கிறார்கள். அவை வெளிச்சத்தைத் தேன் நிறமாக்கி உள்ளே விடும். இப்போது இருப்பவை ஐந்தாம் நூற்றாண்டுப் பலகைகள் அல்ல, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் மூன்றாம் விக்டர் இமானுவேல் அளித்தவை. இருட்டைக் கண்ட கைபேசி அதிக நேரம் திறந்திருந்து படம் எடுக்கும், கை நடுங்கும், நட்சத்திரம் வெளுக்கும், நீலம் சாம்பலாகும். வெளிச்ச அளவைக் கையால் ஒரு படி இறக்கி, நிறச் சமநிலையைப் பகல் வெளிச்சத்தில் பூட்டி, முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்து, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்தால் ஒன்று தேறும். ஃபிளாஷ் கூடாது. அடித்தாலும் உதவாது: ஒரே பக்கமிருந்து பாயும் ஒளியில் சில சில்லுகள் மட்டும் வெள்ளையாக எரியும், மற்றவை செத்துப் போகும். உண்மையில் நல்ல படங்கள் கொண்ட ஒரு நூலை வாங்கிக்கொண்டு கைபேசியைப் பையிலேயே விட்டுவிடுவது மேல்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லா பிளாசிடியா பேரரசர் முதலாம் தியோடோசியஸின் மகள். 410-இல் ரோம் சூறையாடப்பட்டபோது, சூறையாடிய ஜெர்மானிய இனத்தாரான விசிகோத்துகளிடம் சிறைப்பட்டு, 414-இல் அவர்கள் அரசன் அத்தாவுல்ஃபை மணந்தார். அவன் இறந்தபின் 417-இல் தளபதி கான்ஸ்டான்டியஸை மணந்தார். 425-இல் ஆறு வயது மகன் மூன்றாம் வாலன்டினியன் மேற்குப் பேரரசனானபோது ஆட்சி இவர் கைக்கு வந்தது. தலைநகர் 402 முதலே ராவென்னாதான். அங்கே இவர் கட்டிய திருச்சிலுவைக் கோவிலின் முன்மண்டபத்தை ஒட்டி எழுந்த சிறு கட்டடம்தான் நீங்கள் பார்த்தது. 450-இல் ரோமில் இறந்தார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டதாகத்தான் தெரிகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் ராவென்னாவின் வரலாற்றை எழுதிய அக்னெல்லுஸ், அரசியின் கல்லறை ராவென்னாவில் இருப்பதாகப் பலர் சொல்கிறார்கள் என்று எழுதினார். பிற்காலத்தவர் ‘பலர் சொல்கிறார்கள்’ என்பதை விட்டுவிட்டார்கள். உள்ளே இருக்கும் மூன்று கற்பேழைகளில் பெரியது அரசியுடையது, மற்றவை கணவனுடையதும் மகனுடையதும் என்பது வாய்வழி மரபு. அரச குடும்பத்துக்கான நினைவிடமாகக் கட்டியிருக்கலாம், புனித லாரன்ஸின் சிற்றாலயமாகவும் இருக்கலாம். பேழை காலி என்பதால் நான்கு சுவர்களிலும் இருப்பது குறைந்துவிடாது.

இன்னொன்று. தாழ்வான நிலம், புதைந்துகொண்டே போகும் ஊர். அதனால் தரையை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயர்த்தியிருக்கிறார்கள். கட்டியவர்கள் நினைத்ததைவிட ஒரு சிறுவனின் உயரம் அளவுக்கு நாம் நட்சத்திரங்களுக்கு அருகில் நிற்கிறோம். வெளியிலிருந்து பண்டகசாலை மாதிரிக் குட்டையாகத் தெரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

தங்கைக்கான நடைமுறை: சான் விட்டாலே, இந்த மண்டபம், நியோனியன் திருமுழுக்குக் கூடம், சான்ட்’அப்போலினாரே நுவோவோ, பேராயர் அருங்காட்சியகம் ஆகியவற்றுக்கு ஒரே கூட்டுச்சீட்டு. மண்டபத்துக்கும் திருமுழுக்குக் கூடத்துக்கும் மட்டும் நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவே கால் மணி நடை, ஆகவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடட்டும். ஒரு இடத்துக்கு ஒரு முறைதான் நுழைவு. ரயில் தாமதமானால் குறித்த நேரம் போய்விடும் என்பதால் பொலோன்யாவிலிருந்து ஒரு ரயில் முன்னதாகவே ஏறுவது நல்லது. கிளாஸ்ஸே என்னும் ஊரில் இருக்கும் சான்ட்’அப்போலினாரே வேறு, அதற்குத் தனிச்சீட்டு, பேருந்தில் போகலாம். பெயரில் குழம்பி அலைபவர்கள் நிறைய.

மண்டபத்துக்குப் பிற்பகல் சாய்வெயில் நேரத்தைத்தான் நான் சொல்வேன். அப்போது மேற்குப் பலகைகள் கனல்போல் ஒளிரும். ஒளி இன்னும் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கும், நீலம் கடைசிவரை நிற்கும். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள். அதற்குப் பின் அங்கே ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் மறையும். தங்கை போகும் தேதி அந்த ஞாயிறுக்கு முன்னா பின்னா என்று பார்த்துவிட்டு நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். பின் என்றால் மூன்று, மூன்றரை மணி.