உருகாத ஐசிங், இறங்காத கேக்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகள் எல்லாம் பிள்ளைகளின் பிறந்தநாள் மேசையைச் சுற்றியவை. வாசித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினைக்குக் காரணம் எங்கள் ஊர் வெக்கைதான். ஆகவே முதற் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் தருகிறோம்.

மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்குப் பட்டர் கேக் போட வேணும். பட்டர், சீனி, மா மூன்றும் 250 கிராம், முட்டை ஐந்து என்று நிறுத்துத்தான் போடுகிறேன். முட்டை விட்டதும் கலவை திரைகிறது. வெந்த பிறகு அடியில் மெழுகு போல ஒரு படை நிற்கிறது. ஏன்? – வாசகி, கோண்டாவில்

உங்கள் அளவில் பிழையில்லை. ஓடு நீக்கிய முட்டை ஒன்று ஏறத்தாழ 50 கிராம் வரும். ஐந்து முட்டை 250 கிராம், மற்ற மூன்றுக்கும் சமம். பிழை பட்டரின் இளக்கத்திலும் முட்டையின் குளிரிலும்தான்.

பட்டரையும் சீனியையும் அடிப்பது சீனியைக் கரைப்பதற்காக அல்ல, காற்றைப் பிடிப்பதற்காக. சீனி மணிகள் பட்டருக்குள் நுண்ணிய குமிழிகளை உண்டாக்கும். பேக்கிங் பவுடர் அந்தக் குமிழிகளைப் பெருப்பிக்கும். குமிழி இல்லாத கலவையில் எவ்வளவு பவுடர் போட்டாலும் பலன் குறைவு. 20 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் பட்டர் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், 30ஐத் தாண்டினால் விட்டுவிடும். குளிர்நாட்டுக் குறிப்புகள் பட்டரை ஒரு மணித்தியாலம் வெளியே வைக்கச் சொல்லும். சித்திரை, வைகாசியில் எங்கள் குசினியில் அப்படி வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும். அந்த எண்ணெய் கீழே இறங்கித்தான் உங்கள் கேக்கின் அடியில் மெழுகுப் படையாக நிற்கிறது.

பட்டரைப் பிரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் சிறு துண்டுகளாக வெட்டி, பத்து நிமிடம் மட்டும் விடுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் மேற்பரப்பு மினுங்கக் கூடாது. மினுங்கினால் திரும்பப் பிரிட்ஜுக்குள் வையுங்கள். கடைச் சீனியின் மணி பெரிது என்பதால் மிக்சியில் இரண்டு சுற்று விட்டு எடுங்கள். பட்டரும் சீனியும் வெளிறி, பஞ்சு போல வரும்வரை அடியுங்கள். பீற்றரில் ஐந்தாறு நிமிடம், கையால் என்றால் பதினைந்து நிமிடமாவது ஆகும். காலையில் வெயில் ஏறுமுன் செய்தால் பாதி வேலை லேசு.

முட்டையை மட்டும் அரை மணித்தியாலம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிர்ந்த முட்டை பட்டரை இறுகவைக்கும், அதனால்தான் கலவை திரைகிறது. ஒவ்வொரு முட்டையையும் கோப்பையில் அடித்து, சிறிது சிறிதாக விடுங்கள். திரையத் தொடங்கினால் ஒரு மேசைக்கரண்டி மா போட்டு அடித்தால் சேர்ந்துவிடும். எண்ணெய்ப் பசையாகத் தெரிந்தால் கலவையைப் பாத்திரத்தோடு பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்து மறுபடி அடியுங்கள்.

மாவையும் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரையும் சேர்த்து இருமுறை அரித்து, நான்கு மேசைக்கரண்டி பாலோடு மாறி மாறிச் சேர்த்து, அகப்பையால் மடித்துக் கலவுங்கள். மா போட்ட பிறகு பீற்றரால் அடித்தால் கேக் றப்பர் போலாகும், உள்ளே நீளத் துளைகளும் விழும். எண்ணெய்க் கடதாசி போட்ட எட்டு அங்குலத் தட்டில் ஊற்றி, முன்கூட்டியே சூடாக்கிய அவணில் 170 பாகையில் 45 முதல் 50 நிமிடம் வேகவிடுங்கள். முதல் அரை மணித்தியாலம் கதவைத் திறக்காதீர்கள். திறந்தால் நடு இறங்கும். ஈர்க்கால் குத்தி எடுக்க ஈரம் ஒட்டாமல் வர வேண்டும். மேல் வெடித்து மலைபோல எழுந்தால் அவண் சூடு கூட என்று அறியுங்கள்.

வீட்டில் அவண் இல்லை. சட்டியில் மண் போட்டு வேகவைக்கலாம் என்கிறார்கள். சரிவருமா? – வாசகர், சாவகச்சேரி

நன்றாகவே சரிவரும். தடித்த அலுமினியச் சட்டியில் அரித்துக் காயவைத்த மணலையோ கல்லுப்பையோ ஒரு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் சிறு வளையம் ஒன்றை வைத்து மூடி, நடுத்தர நெருப்பில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். ஒட்டாத பூச்சுள்ள சட்டி வேண்டாம், வெறும் சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுவிடும். கேக் தட்டு சட்டியின் பக்கங்களில் முட்டக் கூடாது. சுற்றிவர ஒரு விரல் இடைவெளி விடுங்கள். தட்டில் அரைவாசிக்குச் சற்று மேல் மட்டும் கலவை ஊற்றி, நெருப்பை நன்றாகக் குறைத்து 45 முதல் 60 நிமிடம் வையுங்கள். மேலிருந்து சூடு கிடையாது என்பதால் மேற்பாகம் வெளிறியே இருக்கும். வெளியடுப்பில் செய்கிறவர்கள் கடைசிப் பதினைந்து நிமிடம் மூடிக்கு மேல் சிரட்டைத் தணல் போடலாம். அது நிறமும் தரும், மூடியில் நீராவி துளித்துக் கேக்கில் விழாமலும் தடுக்கும். பிரஷர் குக்கரிலும் இதே முறைதான். தண்ணீர் விடாமல், றப்பர் வளையத்தையும் விசிலையும் கட்டாயம் கழற்றிவிட்டு வையுங்கள்.

மகனின் பிறந்தநாள் நல்லூர்த் திருவிழாவுக்குள் வருகிறது. அந்த 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. என்ன கேக் செய்யலாம்? – வாசகி, நல்லூர்

ரின்பால் கேக் செய்யுங்கள். ஒரு பேணி ரின்பால், உருக்கி ஆறவிட்ட பட்டர் 125 கிராம், பால் 200 மில்லிலீற்றர், வனிலா ஒரு தேக்கரண்டி. இவற்றை ஒன்றாகக் கலந்து, 250 கிராம் மா, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா மூன்றையும் அரித்துப் போடுங்கள். கடைசியாக ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி. சீனி தேவையில்லை.

புளியை விட்டுவிடாதீர்கள். முட்டை செய்யும் எழுப்புதலை இங்கே சோடாவும் புளியும் சேர்ந்து செய்கின்றன. புளியில்லாத சோடா சவர்க்கார ருசி தரும். புளி விட்ட நொடியே குமிழி கிளம்பும் என்பதால் அவண் அதற்கு முன்பே சூடாகி இருக்க வேண்டும். ரின்பாலில் உள்ள இனிப்பு விரைவில் கருகும், ஆகவே 160 பாகையில் 40 முதல் 45 நிமிடம். பட்டரை அடிக்க வேண்டியதே இல்லாததால் கோடைக்கு இதைவிட நம்பகமான கேக் இல்லை என்பது எங்கள் எண்ணம்.

ரிபன் கேக்கில் பட்டர் ஐசிங் பூசி வைத்தேன். பின்னேரம் நான்கு மணிக்குப் பிள்ளைகள் வரமுன் வழிந்துவிட்டது. – வாசகி, பருத்தித்துறை

பட்டர் 30 பாகையிலேயே நன்றாக இளகிவிடும். வழமையான ஐசிங்குக்கு 250 கிராம் பட்டர், 500 கிராம் ஐசிங் சீனி, இரண்டு மேசைக்கரண்டி பால். இதில் பட்டரைப் பாதியாக்கி, மீதி 125 கிராமுக்குக் கேக் சாமான் கடைகளில் விற்கும் ஷோர்ட்னிங் என்ற வெள்ளைக் கெட்டிக் கொழுப்பைச் சேருங்கள். அது பட்டரைவிட அதிக சூட்டில்தான் இளகும். ருசி சற்றுக் குறையும், வடிவம் நிற்கும். பாலை ஒரு கரண்டியாகக் குறையுங்கள். கலரும் தண்ணீராக இல்லாமல் பசையாக வாங்குங்கள்.

ரோஸ், பச்சை, வெள்ளை மூன்று தட்டுக்கும் கலவையை நிறுத்துப் பிரித்தால்தான் அடுக்குகள் ஒரே உயரத்தில் வரும். முதல்நாளே கேக்கை வேகவைத்து, மறுநாள் காலை ஐசிங் பூசி, பிரிட்ஜில் வைத்து, வெட்டுவதற்கு அரை மணித்தியாலம் முன் எடுங்கள். இளஞ்சூடான கேக்கில் எந்த ஐசிங்கும் நிற்காது. பிரிட்ஜ் இல்லாதவர்கள் 200 கிராம் ஐசிங் சீனியில் இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி குழைத்து மேலே ஊற்றுங்கள். அதில் கொழுப்பே இல்லை, உருக ஒன்றுமில்லை.

வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட நட்சத்திர பிஸ்கற் சுட்டேன். எல்லாம் பரந்து வட்டமாகிவிட்டது. – வாசகி, ஊர்காவற்றுறை

மா சூடாக இருக்கும்போது அவணுக்குள் போயிருக்கிறது. 100 கிராம் ஐசிங் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் மா, ஒரு சிட்டிகை உப்பு. பேக்கிங் பவுடர் வேண்டாம், அதுவும் வடிவத்தைக் குலைக்கும். இரண்டு எண்ணெய்க் கடதாசிக்கு நடுவில் அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி, 20 நிமிடம் குளிரவைத்து வெட்டுங்கள். வெட்டியதைத் தட்டோடு இன்னும் 15 நிமிடம் குளிரவைத்து, 165 பாகையில் 12 முதல் 15 நிமிடம் சுடுங்கள். ஓரம் மட்டும் பொன்னிறமானால் போதும். எடுக்கும்போது மெதுவாகத்தான் இருக்கும், ஆறினால் இறுகும். சிறிய அச்சென்றால் நாற்பது வரை கிடைக்கும். நன்றாக ஆறிய பிறகு பேணியில் போடுங்கள். மாரியில் பதத்துப் போனால் 150 பாகையில் ஐந்து நிமிடம் காட்டினால் மறுபடி மொறுமொறுக்கும்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போடலாமா? – வாசகி, அளவெட்டி

பட்டர் கேக் என்றால் சீனியில் பாதி அளவுக்குப் போடலாம். மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து, வடித்து, முற்றாக ஆறவிட்டு, பாலுக்குப் பதிலாகச் சேருங்கள். துருவிப் போட்டால் கரையாத துண்டுகள் அடியில் இறங்கிக் கருகும்.

முதலாவது பிறந்தநாள். தேனும் கச்சானும் சேர்த்துக் கேக் செய்ய நினைக்கிறேன். – வாசகி, கரவெட்டி

ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அவண் சூட்டிலும் அழியாது. வருகிற விருந்தினரிலும் கைக்குழந்தைகள் இருப்பார்கள் என்பதால் சீனியே போடுங்கள். கச்சான், கஜு இரண்டும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுதாகவோ துண்டாகவோ வேண்டாம், தொண்டையில் சிக்கும். மாவாக அரைத்துப் போடுவதென்றாலும் உங்கள் பிள்ளை முன்பு சாப்பிட்டு ஒத்துக்கொண்டதாக இருக்கட்டும். வருகிற தாய்மாரிடம் முதலே சொல்லி, அந்தக் கேக்கை வேறு தட்டில் வைத்து, வேறு கத்தியால் வெட்டுங்கள்.