மே வெயிலில் நாயோடு ஊருக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் லட்டு நான்கு வயது பக் நாய். மே மாதம் கோயில் கொடை விழாவுக்குத் தாம்பரத்திலிருந்து திருநெல்வேலி போகிறோம். ரயிலா, காரா? காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறான். தூக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிப் போங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா?

முதலில் அந்த மாத்திரையை மறந்துவிடுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் கொஞ்சம் ஈரம் கசியும், அவ்வளவுதான்; மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து இளைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். பக்குக்கோ மூச்சுவழி பிறவியிலேயே குறுகல். அதை மயக்கத்திலும் வைத்தால் இளைக்கக்கூடத் தெம்பு இருக்காது. வாந்திக்கென்றே மரோபிடன்ட் என்ற மருந்து இருக்கிறது. அது தூக்க மருந்து இல்லை. லட்டுவின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில், கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு கொடுங்கள். சாப்பாட்டை முந்தின இரவோடு முடித்துக்கொள்ளலாம், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ரயிலில் ஏசி முதல் வகுப்பில் இருவர் படுக்கும் கூபேயோ நால்வர் படுக்கும் கேபினோ முழுவதும் உங்கள் குடும்பத்துக்கே கிடைத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், அதுவும் பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரான பிறகுதான் உறுதியாகும். கிடைக்காவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டுதான் கதி. மே மாதத்தில் ஒரு பக்கை அதில் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். அதனால் கார்.

இன்றே ஒத்திகையை ஆரம்பியுங்கள். நிற்கிற காரில், பின் சீட்டில், அவன் தினமும் படுக்கும் பழைய போர்வையை விரித்துப் பத்து நிமிடம் கூடவே உட்காருங்கள், அப்புறம் இன்ஜினை மட்டும் ஓடவிடுங்கள், அப்புறம் தெருவை ஒரு சுற்று. இரண்டு வாரத்தில் பாதி வாந்தி இதிலேயே குறைந்துவிடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ரேபிஸ் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள், உண்ணி மருந்தும் கொடுத்துவிடுங்கள்.

அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திருச்சியைத் தாண்டிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், ஆனால் சங்கிலியை மாட்டி ஒருவர் கையில் பிடித்த பிறகுதான் கதவு திறக்க வேண்டும். நான்கு வழிச்சாலையில் கைநழுவி ஓடிய நாயைத் துரத்தினால் அது இன்னும் வேகமாக லாரிகளுக்கு நடுவில்தான் ஓடும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, சாப்பிட நிறுத்தும்போது அவனைக் காரில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும், கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசமில்லை. போன வருடம் அப்படி விடப்பட்ட ஒரு பக்கை என்னிடம் தூக்கி வந்தார்கள், நாக்கு நாவல்பழ நிறத்தில் இருந்தது, உடம்புச் சூடு 107 டிகிரி பாரன்ஹீட். நாய்க்கு 102.5 வரைதான் சாதாரணம். அந்த வீட்டுப் பெண் அதன் காதைத் தடவிக்கொண்டே, 'டிபன் சாப்பிடுற நேரம்தான் சார்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிழைத்தது, ஆனால் மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்து. ஒருவர் சாப்பிடும்போது இன்னொருவர் ஏசி ஓடும் காரில் அவனோடு இருங்கள்.

மீறி எச்சில் கயிறாகத் தொங்கி, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலில் கிடத்தி வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். நனைத்துக்கொண்டே பக்கத்து கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஊரில் கொடை நாளன்று மேளமும் வெடியும் இருக்கும், அவனை உள்ளறையில் ஃபேன் போட்டு, பழகிய ஒருவரோடு வையுங்கள். ஏதாவது ஆனால் திருநெல்வேலி அருகே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஊரில் நீங்கள் தங்கும் வீட்டிலிருந்து அங்கே போகும் வழியைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.