பகுதி நேர எம்பிஏவில் என்னென்ன அடிப்படைப் பாடங்கள்? ஒரு பம்பு ஆர்டரை வைத்துச் சொல்கிறேன்

கேள்வி: நான் ஒரு பொறியாளர். ஆறு வருட அனுபவம் இருக்கிறது. வேலையை விடாமல் பகுதி நேர எம்பிஏ படிக்கலாம் என்று யோசிக்கிறேன். அதில் அடிப்படைப் பாடங்களாக என்னென்ன வரும்? அவை வேலையில் உண்மையாகவே பயன்படுமா?

நான் கோவையில் ஒரு சிறிய பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். நானும் உங்களைப் போலப் பொறியாளன்தான், படித்தது இயந்திரவியல். வேலைக்குச் சேர்ந்த ஏழாம் வருடம் பகுதி நேர எம்பிஏவில் சேர்ந்தேன். வாரத்தில் நான்கு நாள், மாலை 6.30 முதல் 9.15 வரை வகுப்பு. முழு நேர மாணவர்கள் நான்கு பருவத்தில் முடிப்பதை எங்களுக்கு ஆறு பருவமாகப் பிரித்திருந்தார்கள். பாடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

தொடக்கத்தில் கணக்கியல், நிர்வாகப் பொருளியல், புள்ளியியல், நிறுவன நடத்தை (வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது), வணிகச் சட்டம். அடுத்து நிதி மேலாண்மை, சந்தைப்படுத்தல், உற்பத்தி மேலாண்மை, மனிதவளம், ஆராய்ச்சி முறைகள், தகவல் அமைப்புகள். கடைசியில் உத்தி மேலாண்மை, அதோடு விருப்பப் பாடங்கள், ஒரு புராஜெக்ட். எந்தக் கல்லூரிக்குப் போனாலும் வரிசை கொஞ்சம் மாறும், பட்டியல் பெரும்பாலும் இதேதான்.

ஆனால் பட்டியலைப் பார்த்து உங்களால் எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் இரண்டாம் பருவத்தில் எங்கள் கம்பெனிக்கு வந்த ஓர் ஆர்டரை வைத்துச் சொல்கிறேன். எண்களை உருட்டி எழுதியிருக்கிறேன், எங்கள் உண்மையான விலைகள் அல்ல.

ஜனவரியில் வெளிமாநில மொத்த வியாபாரி ஒருவர் 1 எச்பி மோனோபிளாக் பம்பு 200 கேட்டார். நாங்கள் வழக்கமாக 6,000 ரூபாய்க்கு விற்பது. அவர் 4,900-க்குக் கேட்டார். எங்கள் அடக்கவிலைத் தாளில் ஒரு பம்புக்கு 5,300 என்று இருந்தது. ஒரு பம்புக்கு 400 ரூபாய் நட்டம், வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் கூட்டத்தில் என் கருத்து.

அந்த வாரம் கணக்கியல் வகுப்பில் நடந்த பாடம் செலவுகளைப் பிரிப்பது. காப்பர் வயர், வார்ப்பு, பேரிங், ஜாப் ஒர்க் கூலி போன்றவை பம்பு செய்தால்தான் வரும் செலவு. வாடகை, மாதச் சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் பம்பு செய்தாலும் செய்யாவிட்டாலும் வரும் செலவு. மறுநாள் எங்கள் கணக்காளரிடம் உட்கார்ந்து அந்த 5,300-ஐப் பிரித்துப் பார்த்தேன். மாறும் செலவு 4,200. மீதி 1,100 நிலைச் செலவின் பங்கு. அந்த 1,100, இந்த ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கும் செலவு. அப்படியானால் 4,900-க்கு விற்றால் பம்புக்கு 700 ரூபாய் கையில் நிற்கிறது. இதைத்தான் கான்ட்ரிபியூஷன் என்கிறார்கள். 200 பம்புக்கு 1,40,000 ரூபாய். நட்டம் என்று நான் சொன்னது தவறு.

இந்தப் பாடத்தைப் பொறியாளர்கள் யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன். முதல் ஒரு மாதம் பற்று, வரவு, பேரேடு என்று சலிப்பாகத்தான் போகும். 1494-இல் வெனிஸில் லூகா பாச்சோலி அச்சிட்ட நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் இன்றைக்கு நம் அலுவலகத்தில் கணக்கு எழுதும் டாலி மென்பொருளிலும் ஓடுகிறது. அது புரிந்துவிட்டால் இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) திடீரென்று படிக்கக்கூடியதாக மாறிவிடும். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

சரி, 1,40,000 ரூபாய் வருகிறதே என்று எடுத்துக்கொள்ளலாமா? அவர் 90 நாள் கடன் கேட்டிருந்தார். இங்கே நிதி மேலாண்மை வருகிறது. 200 பம்புக்கு நாங்கள் கையிலிருந்து போட வேண்டியது 8,40,000. அந்தப் பணம் வங்கியின் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். 12 சதவீத வட்டி என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு 25,200 ரூபாய் போய்விடும். அதற்கு மேல், அந்த மூன்று மாதமும் சிசி லிமிட்டில் 8 லட்சத்துக்கு மேல் அடைபட்டுக் கிடக்கும். சிறிய கம்பெனிகள் பல லாபக் கணக்கு காட்டிக்கொண்டே சம்பளம் போட முடியாமல் தவிப்பது இதனால்தான். லாபம் ஒன்று, கையில் இருக்கும் பணம் வேறொன்று. நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்ற அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே இந்தப் படிப்புக்குக் கட்டிய பணம் தகும் என்று நினைக்கிறேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பக்கத்து இருக்கையில் ஒரு வங்கி ஊழியர். மாதாமாதம் நாங்கள் கொடுக்கும் சரக்கு இருப்புக் கணக்கை (ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்) வங்கியில் எப்படிப் பார்ப்பார்கள், பழைய பாக்கிகளைக் கழித்துவிட்டு எவ்வளவு வரை எடுக்க விடுவார்கள் என்று அவர்தான் ஒரு டீ நேரத்தில் வரைந்து காட்டினார். பதிலுக்கு நான் அவருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். பொறியாளர்களுக்குப் புள்ளியியல் எளிது, கணக்கியல் கடினம். வணிகவியல் படித்தவர்களுக்கு நேர்மாறு. பகுதி நேர வகுப்பில் எல்லோரும் ஏதோ ஒரு வேலையிலிருந்து வருகிறவர்கள் என்பதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தானாகவே நடக்கும்.

உற்பத்தி மேலாண்மைதான் கணக்கைத் தலைகீழாக்கியது. எங்கள் பட்டறையில் லேத், பெயிண்டிங், அசெம்பிளி எல்லாம் ஒரு நாளைக்கு 60 பம்பு வரை தாங்கும். மோட்டாருக்குக் காப்பர் வயர் சுற்றும் வைண்டிங் பிரிவு மட்டும் 40. அங்கே எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவுதான் கம்பெனி ஓடும். பிப்ரவரி முதல் மே வரை விவசாயிகள் பம்பு வாங்கும் காலம், வைண்டிங்கில் ஒரு மணி நேரம்கூடச் சும்மா இருக்காது. அந்த வியாபாரி கேட்டது மார்ச்சில் டெலிவரி. மார்ச்சில் அவருக்காக ஒரு பம்பு சுற்றினால், 6,000-க்கு விற்கும் ஒரு பம்பு நின்றுபோகும். அதில் கிடைக்க வேண்டியது 1,800. இவரிடம் கிடைப்பது 700. ஆக ஒவ்வொரு பம்புக்கும் 1,100 ரூபாய் இழப்பு, 200-க்கு 2,20,000. அதே ஆர்டரை ஜூலையில் செய்தால், அப்போது வைண்டிங் பாதி நாள் காலியாக இருப்பதால், லாபம். ஆர்டர் ஒன்றுதான், மாதத்தைப் பொறுத்து பதில் மாறுகிறது. நான் ஏழு வருடமாகத் தினமும் கடந்துபோன வைண்டிங் பிரிவை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

வணிகச் சட்டத்தை நான் மனப்பாடப் பாடம் என்று நினைத்திருந்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1930-இன் பொருள் விற்பனைச் சட்டம் என்று பிரிவு எண்களாகத்தான் போகும். ஆனால் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் எந்த ஒப்பந்தம் போட்டிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எங்களிடம் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு, இருக்கிறது. 90 நாள் கேட்டவரிடம் 45 நாள் என்று சொல்ல எங்களுக்குச் சட்டமே துணை இருந்தது. கம்பெனியில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

சந்தைப்படுத்தல் வகுப்பில் கற்றதைக் கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த 4,900 எங்கள் பழைய டீலர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும்? விலையை ஒருமுறை இறக்கினால் ஏற்றுவது கடினம். விசாரித்ததில் அவர் பம்புகளைக் கட்டட வேலைகளுக்குத் தண்ணீர் இறைக்க விற்பவர் என்று தெரிந்தது. எங்கள் டீலர்கள் விற்பது விவசாயிகளுக்கு. இரண்டு சந்தையும் தொட்டுக்கொள்வதில்லை. எங்கள் வழக்கமான பெயரைப் போடாமல் வேறு நிறத்தில் கொடுக்கலாம் என்று முடிவானது.

கடைசியில் நடந்தது இது: ஜூலை டெலிவரி, 5,000 ரூபாய், 45 நாள். அவர் 200-ஐ 120 ஆக்கிக்கொண்டார். பணம் 52-ஆம் நாள் வந்தது. வட்டி கேட்கவில்லை, அடுத்த ஆர்டரும் அவரிடமிருந்து வந்தது.

பொருளியலில் பாதி வரைபடங்கள்தான். ஆனால் ஒரு கேள்விக்கு எனக்கு அங்கே விடை கிடைத்தது. நட்சத்திர முத்திரை வாங்கிய, மின்சாரம் குறைவாக எடுக்கும் பம்பு எங்களிடம் உண்டு. விவசாயிகளிடம் அது போகவே இல்லை. விற்பனைப் பிரிவில் விளம்பரம் போதவில்லை என்றார்கள். தமிழ்நாட்டில் விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். மின் சிக்கனத்துக்காக அதிக விலை கொடுப்பவருக்கு அந்தச் சிக்கனத்தால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அவர் பார்ப்பது லோ வோல்டேஜில் காயில் எரியாமல் ஓடுமா, எரிந்தால் ஊரிலேயே ரீவைண்டிங் செய்ய முடியுமா என்பதைத்தான். அவர் சரியாகத்தான் யோசிக்கிறார். அந்தப் பம்பை மின்கட்டணம் கட்டுகிற அடுக்குமாடிக் குடியிருப்புகளிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது.

அப்புறம் நிறுவன நடத்தை. இதைத்தான் பொறியாளர்கள் மிகவும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை தொழிலாளர்களை வைத்து நடந்த ஆய்வுகள், 1943-இல் உளவியலாளர் மாஸ்லோ சொன்ன மனிதத் தேவைகளின் அடுக்கு, உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிகள் என்று பெயர்களாக வரும். ஹெர்ஸ்பெர்க் சொன்னதில் ஒன்று என் மனதில் நின்றது: மனநிறைவைத் தருவது வேறு, மனக்குறையை உண்டாக்குவது வேறு. குறை இருக்கும் இடத்தில் ஊக்கத்தொகை கொடுத்தால் குறை அப்படியேதான் இருக்கும்.

எங்கள் வைண்டிங் பிரிவில் எல்லோரும் பெண்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் வேலை பிசகும். ஓவர்டைம் என்றால் மறுத்துவிடுவார்கள். நிர்வாகம் ஓவர்டைம் தொகையைக் கூட்டியது, பலனில்லை. வகுப்புக்கான ஒரு சிறு ஆய்வுக்காக அவர்களிடம் போய்ப் பேசினேன். அங்கே மூத்தவரான ஓர் அக்கா சொன்னார்: “காசுக்காக இல்லீங் சார். ஆறு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஏழே முக்காலுக்குத்தான். புள்ளைக தனியா இருக்குமுங்க.” ஷிப்ட் முடிவது 5.45. பஸ் நிறுத்தம் கால்மணி நேர நடை. அந்தக் கடைசி ஒரு மணி நேரமும் எல்லோருடைய கண்ணும் கடிகாரத்தில்தான் இருந்திருக்கிறது. ஷிப்டை அரை மணி முன்னால் தள்ளினோம். காலையில் 8 மணிக்குப் பதில் 7.30. அவர்களே கேட்டுக்கொண்ட நேரம் அது. பிசகு குறைந்தது. ஏழு வருடமாக அந்தப் பிரிவின் ரிஜெக்ஷன் கணக்கை எழுதியவன் நான். ஒருமுறைகூட அவர்களிடம் கேட்டதில்லை.

மனிதவளம், தகவல் அமைப்புகள், ஆராய்ச்சி முறைகள் எனக்கு அவ்வளவு ஆழமாகப் போகவில்லை. ஆராய்ச்சி முறைகளில் கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது என்பதை மட்டும் கவனமாகக் கற்றுக்கொள்ளுங்கள், புராஜெக்டுக்கு வேண்டும். உத்தி மேலாண்மை கடைசியில் வருவது நல்லது. 1979-இல் மைக்கேல் போர்ட்டர் எழுதிய, ஒரு தொழிலின் போட்டியைத் தீர்மானிக்கும் ஐந்து விசைகளை எங்கள் தொழிலுக்குப் போட்டுப் பார்த்தபோது, 2019-இல் வந்த பிஎம் குசும் என்ற விவசாய சோலார் பம்பு திட்டத்துக்குப் பிறகு சோலார் பம்பில் எங்கள் வாடிக்கையாளர் விவசாயி அல்ல, டெண்டர் விடும் அரசு என்பது புரிந்தது. முன்னால் படித்த எல்லாப் பாடமும் இல்லாமல் அதை எழுதியிருக்க முடியாது.

சேரும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பகுதி நேரம் என்பதும் தொலைநிலைக் கல்வி என்பதும் வேறு வேறு, சான்றிதழில் எப்படி வரும் என்று முதலிலேயே கேளுங்கள். வகுப்பு நேரமும் உங்கள் ஷிப்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். என் வகுப்பில் பாதியில் நின்றவர்களில் பலர் பாடம் கடினம் என்று நிற்கவில்லை. இரவு ஷிப்ட் மாறி மாறி வந்ததால் நின்றார்கள். வீட்டிலும் பேசிவிடுங்கள். மூன்று வருடம் மாலைகளில் நீங்கள் இருக்கமாட்டீர்கள், அந்தச் சுமை இன்னொருவர் மேல் விழுகிறது. என் வீட்டில் அதை என் மனைவி சுமந்தார்.

சேர இன்னும் சில மாதம் இருந்தால், உங்கள் கம்பெனிக் கணக்காளரிடம் ஒரு மதியம் உட்காருங்கள். நீங்கள் செய்யும் ஒரு பொருளை எடுத்து, அதன் அடக்கவிலையில் எது மாறும் செலவு, எது நிலைச் செலவு என்று அவரோடு சேர்ந்து பிரித்துப் பாருங்கள். தடுமாறும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு முதல் பருவத்துக்குப் போங்கள்.